கம்பெனிக்குக் கை கொடுக்கும் அரசாங்கம் தோட்டத் தொழிலாளியிடம் மட்டும் கணக்குப் பார்ப்பது ஏன்?

தம்பி, உங்கள் அம்மா 27 வருடம் பால்மரம் வெட்டியிருக்கிறார். 2003-ல் தோட்டம் வீடமைப்புக் கம்பெனிக்குக் கைமாறியபோது இழப்பீடாக வந்தது பத்தாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், கூட இல்லை. அதே காலத்தில் பெரிய கம்பெனிகளை அரசாங்கம் கோடிக்கணக்கில் கொடுத்துத் தூக்கிவிட்டது, யூனியன் மாதச் சம்பளம் கேட்டால் மட்டும் நாடு தாங்காது என்றார்கள். இது அரசியல்வாதிகளின் இரட்டை நாக்கா, இல்லை நமக்குப் புரியாத பொருளாதாரமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நட்டம் என்று ஒன்று வந்தால் அதை யார் தலையில் ஏற்றுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் கித்தா என்கிற அதே ரப்பர் பால்மரம் வெட்டினார்கள். 31 வருடம் தொழிற்சங்க வேலையில் இருந்து, கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளிலும் தொழில் நீதிமன்றத்திலும் உட்கார்ந்து பழகியதை வைத்துச் சொல்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. சம்பளம், ஒப்பந்தம், சட்டம் என்று நான் கையால் தொட்டவற்றில் உறுதியாகப் பேசுவேன், மற்றதை என் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரசாங்கத்தின் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் திட்டினால் நம் பேச்சு நிற்காது. கம்பெனிகளுக்குக் கை கொடுப்பது எல்லாமே தவறு இல்லை. 1997-ல் ரிங்கிட் சரிந்து, ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளி என்று இருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை போனபோது, வங்கிகளின் வாராக்கடன் மலைபோலக் குவிந்தது. அரசாங்கம் 1998-ல் தானாஹர்த்தா என்ற நிறுவனத்தைத் தொடங்கி அந்தக் கடன்களை வாங்கிக்கொண்டது, தானாமோடல் என்ற இன்னொன்றை வைத்து வங்கிகளுக்கு மூலதனம் போட்டது. வங்கி கவிழ்ந்தால் முதலில் போவது சாதாரண ஆட்களின் சேமிப்பு, அதில் தோட்டத்து ஆளின் சேமிப்புப் புத்தகமும் இருக்கிறது. அதோடு தானாஹர்த்தா அந்தக் கடன்களை முழு விலைக்கு வாங்கவில்லை, சராசரியாகப் பாதி விலைக்கும் குறைவாகத்தான் கொடுத்தது. வங்கிகள் நட்டத்தில் தங்கள் பங்கை ஏற்ற பிறகுதான் பொதுப்பணம் உள்ளே வந்தது. எனக்கு இதில் பெரிய சண்டை இல்லை.

என் சண்டை வேறு இடத்தில். ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றுவது ஒன்று, அதன் முதலாளியைக் காப்பாற்றுவது வேறு. இதைப் புரிந்துகொள்ள மாஸ் என்ற மலேசிய விமான நிறுவனத்தின் கதையை மூன்று காலத்தில் பாருங்கள்.

1979-ல் மாஸ் ஊழியர்கள் கூட்டு ஒப்பந்தத் தகராறில் இறங்கினார்கள். விமானத்தைக் கடத்தவில்லை, கல் எறியவில்லை. கூடுதல் நேர வேலையைத் தவிர்த்து விதியில் இருக்கிற வேலையை மட்டும் செய்தார்கள். அரசாங்கம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தது. விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கிற அந்தச் சட்டத்தில் சங்கத்து ஆட்களையும், அவர்களுக்குத் துணை நின்ற அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் பிரதிநிதி டொனால்ட் யுரேனையும் பிடித்தார்கள். சங்கத்தின் பதிவு பறிபோனது. அதோடு விடவில்லை, 1980-ல் தொழிற்சங்கச் சட்டத்தையும் தொழிலுறவுச் சட்டத்தையும் திருத்தி எல்லாச் சங்கங்களுக்கும் கயிற்றை இறுக்கினார்கள். நான் சங்க வேலைக்கு வந்த புதிதில் மூத்தவர்கள் வேலைநிறுத்தம் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள், காரணம் இதுதான்.

இரண்டாவது காலம் 2000 டிசம்பர். மாஸ் நட்டத்தில் ஓடுகிறது, பங்கின் சந்தை விலை மூன்றரை வெள்ளிக்குச் சற்று மேல். பெரிய பங்குதாரராக இருந்தவர் தாஜுதீன் ராம்லி. அவர் கம்பெனியிடமிருந்து 29 விழுக்காட்டுப் பங்கை அரசாங்கம் ஒரு பங்குக்கு 8 வெள்ளி கொடுத்து, மொத்தம் 179 கோடி வெள்ளிக்குத் திரும்ப வாங்கியது. கணக்கை நீங்களே போடலாம். 179 கோடியை எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 22 கோடியே 40 லட்சம் பங்கு. ஒவ்வொன்றுக்கும் சந்தை விலையைவிட நாலரை வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக அதிகம் கொடுத்திருக்கிறார்கள், ஆக 98 கோடி வெள்ளி அளவுக்குக் கூடுதல். இப்போது அதற்குப் பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் என்று ஒரு கோடு, எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2001-ல்தான் போட்டார்கள். அந்தக் கோடு மாதம் 325 வெள்ளி. வருடத்துக்கு 3,900. அந்த 98 கோடியில் இரண்டரை லட்சம் தொழிலாளிகளுக்கு ஒரு வருடம் முழுக்க அந்தச் சம்பளத்தைக் கொடுத்திருக்கலாம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே அரசாங்கத்தின் கீழ் நடந்தவை. விமானக் கம்பெனிக்கு 8 வெள்ளி நியாயமான விலையா என்று கேட்டவர்களுக்கு, 1994-ல் தாஜுதீன் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடமிருந்து வாங்கியதும் அதே 8 வெள்ளிக்குத்தான் என்று பதில் வந்தது. வாங்கிய விலைக்கே திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது சந்தையின் விதி என்றால், 27 வருடம் கொடுத்த உடம்பை என்ன விலைக்குத் திரும்ப வாங்குவது? அந்தக் கேள்வியை நாடாளுமன்றத்தில் அழுத்திக் கேட்க நமக்கு ஆள் இல்லை.

மூன்றாவது காலம் 2014. எம்எச்370, எம்எச்17 என்ற இரண்டு விமானத் துயரங்களுக்குப் பிறகு அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் 600 கோடி வெள்ளித் திட்டத்தோடு வந்தது. பறக்கிற கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள் பாருங்கள். 2015-ல் மாஸுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, பழைய கம்பெனியை ஒதுக்கிவிட்டு புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 20,000 பேருக்கு வேலை முடிந்ததென்று கடிதம் போனது, அதில் 6,000 பேருக்குப் புதிய கம்பெனியில் இடம் இல்லை. அந்தச் சட்டத்தின்படி புதிய கம்பெனி பழைய கம்பெனியின் வாரிசு இல்லை. சங்க வேலை செய்தவனுக்கு இதன் பொருள் உடனே புரியும்: பல வருடம் பேசிப் பேசிச் சேர்த்த கூட்டு ஒப்பந்தம் ஒரே கையெழுத்தில் காற்றோடு போகும். 2000-ல் ஒரு முதலாளியின் பழைய விலையை மதித்த அதே அரசாங்கம், 2015-ல் ஊழியர்களின் பழைய ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. இரட்டை நாக்கா என்று நீங்கள் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

மாஸ் மட்டும்தானா என்றால் இல்லை. 1997 நவம்பரில் யுஇஎம் என்ற கம்பெனி, தன்னுடைய தாய்க் கம்பெனியான ரெனோங்கின் 32.6 விழுக்காட்டுப் பங்கை 234 கோடி வெள்ளிக்கு வாங்கியது, பங்குச் சந்தையே அந்தச் செய்தியில் ஆடிப்போனது, கடைசியில் 2001-ல் கசானா முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்னால் 1984-ல் ஹாங்காங் கடன் ஊழலில் சிக்கிய பேங்க் பூமிபுத்ராவை அரசாங்க எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோனாஸின் பணத்தில் கரையேற்றினார்கள். பட்டியல் நீளம், அதற்குள் போனால் உங்கள் கேள்வியை விட்டுவிடுவேன்.

தோட்டத்துக்கு வருகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் இதுதான். முதலாளிக்கு லாபம் ஏன் போக வேண்டும் என்று கேட்டால், அவர்தானே ஆபத்தைச் சுமக்கிறார் என்பார்கள். நல்ல பதில்தான். ஆனால் கித்தாத் தோட்டத்தில் ஆபத்தைச் சுமந்தது யார்? மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. மரம் கிழடாகிப் பால் குறைந்தால் சம்பளம் குறையும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ கித்தா விலை இறங்கினால் இங்கே என் அம்மாவின் சம்பளச் சீட்டில் வெள்ளி இறங்கும், ஏனென்றால் கூட்டு ஒப்பந்தத்திலேயே சம்பளத்தை விலையோடு கட்டிவைத்திருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே வானத்தைப் பார்த்து, இன்றைக்கு அடுப்பு எரியுமா என்று கணக்குப் போட்ட ஒரு பெண்ணுக்கு வியாபார ஆபத்து என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆக, லாபத்துக்கு முதலாளி, ஆபத்துக்குத் தொழிலாளி என்று தோட்டத்தில் பிரித்தாகிவிட்டது, பெரிய கம்பெனிகளில் லாபத்துக்கு முதலாளி, ஆபத்துக்குப் பொதுமக்கள். உங்கள் அம்மா இரண்டு பக்கமும் சுமந்திருக்கிறார்.

மாதச் சம்பளம் கேட்டு 1990-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது, பல்லாயிரக்கணக்கான பேர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார்கள். தகராறு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. நம் சட்டத்தில் அப்படி அனுப்பியதும் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும், அது அமைச்சர் கையிலுள்ள பொத்தான். அதற்கு முன்பே ரகசிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், முடிவை அதிகாரிக்கு அனுப்பி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். 325 வெள்ளிக் கோடு வருவதற்கு அதற்குப் பிறகும் பதினோரு வருடம் ஆனது. ரெனோங் பங்கை வாங்க எத்தனை நாள் ஆனது என்று பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1981 செப்டம்பரில் அரசாங்க முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியை வாங்கியது, வெள்ளைக்காரத் தொரைகளிடமிருந்து தோட்டங்கள் நாட்டின் கைக்கு வந்தன. நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனால் பெரட்டும் நாள்கூலியும் அப்படியே இருந்தன. அதன்பிறகு சம்பளப் பேச்சில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த முதலாளிகளில் அரசாங்கத்தின் பணமும் இருந்தது, தகராறைத் தீர்க்கிற நடுவரும் அரசாங்கம்தான்.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் அமெரிக்காவில் வங்கிகளுக்கென்று 70,000 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கும் சட்டத்தை சில வாரங்களில் நிறைவேற்றினார்கள். இரண்டே மாதத்தில் கார் கம்பெனிகள் கடன் கேட்டு வந்தபோது, செனட்டில் குடியரசுக் கட்சிக்காரர்கள் பலர் முதலில் கார்த் தொழிலாளர் சங்கம் சம்பளத்தைக் குறைக்கட்டும், அந்நிய கார் கம்பெனிகளின் தொழிற்சாலைகளில் கொடுக்கிற அளவுக்கு இறங்கட்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சங்கம் அவர்கள் கேட்ட காலக்கெடுவுக்கு ஒத்துக்கொள்ளாததால் மசோதா டிசம்பரில் நின்றது, பிறகு புஷ் அரசாங்கம் தன் அதிகாரத்தில் 1,740 கோடி டாலர் கடன் கொடுத்தது. சங்கம் கடைசியில் விட்டுக்கொடுத்தது, 2015 வரை சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்றுகூட ஒப்புக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. 2009 மார்ச்சில், அரசாங்கப் பணத்தில் உயிர்பிழைத்த ஏஐஜி காப்புறுதி நிறுவனம், கம்பெனியைக் கவிழ்த்த பிரிவின் ஆட்களுக்கே 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரி சம்மர்ஸ், இது சட்டத்தின்படி நடக்கிற நாடு, போட்ட ஒப்பந்தத்தை அரசாங்கம் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது என்ற பொருளில் பேசினார். கார்த் தொழிலாளியின் கையிலிருந்ததும் ஒப்பந்தம்தான், அதைத் திறந்து குறைக்க மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பங்குதாரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள், தலைமை அதிகாரியை வெளியே போகச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம் 2000-ஆம் ஆண்டை விட நேர்மையாக நடந்தார்கள்.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ளவை. அரசியல்வாதிகள் மனதறிந்து பொய் சொல்கிறார்களா, அல்லது முதலாளியின் குரல் தினமும் காதில் விழுவதால் அதுவே நாட்டின் குரல் என்று நம்பிவிடுகிறார்களா என்பதை நான் நிரூபிக்க முடியாது. என் அனுபவத்தில் இரண்டாவது வகைதான் அதிகம், அது முதல் வகையைவிட ஆபத்து. மாதச் சம்பளத்தை 1990-லேயே கொடுத்திருந்தால் கித்தாத் தோட்டங்கள் தாங்கியிருக்குமா என்பதிலும் நான் அடித்துப் பேச மாட்டேன். கித்தா விலை மோசமாக இருந்த வருடங்கள் உண்டு, சின்னத் தோட்டங்களுக்குச் சுமை கூடியிருக்கும். ஆனால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது தோட்டங்கள் மூடிவிடும் என்றார்கள், பிறகு 1,000, 1,100, 2022-ல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று ஏறிவிட்டது, குலை அறுப்பதை நாடு நிறுத்தவில்லை.

கட்சியைப் பார்த்துக் கோபப்படுவதிலும் கவனம் வேண்டும். 2018-ல் 1,500 வெள்ளி தருவோம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் முதலில் அறிவித்தது 1,050. தொழிற்சங்கங்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்ற பிறகு அது 1,100 ஆனது. 2020-ல் நகராண்மைக் கழக, மாநகர எல்லைக்குள் 1,200, வெளியே 1,100 என்று பிரித்தார்கள். தோட்டங்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 மார்ச்சில் எண்ணெய், எரிவாயுத் துறைக் கம்பெனியான சப்புரா எனர்ஜிக்கு 110 கோடி வெள்ளி கொடுக்கும்போது, இது கம்பெனியைத் தூக்கிவிடுவது இல்லை, பணம் கிடைக்காமல் தவிக்கும் உள்நாட்டுச் சப்ளையர்களுக்காக என்று அரசாங்கம் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, சின்னக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களும் ஆட்கள்தான். எதிர்க்கட்சியில் இருந்தபோது இதே மாதிரி விளக்கங்களை ஏற்காதவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதையே சொல்கிறார்கள் என்பதும் உண்மைதான். வங்கிகளின் கடனுக்கு 1998-ல் தானாஹர்த்தா வந்தது. வேலை போனவர்களுக்கு ஒரு நிதி வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அந்த நெருக்கடிக் காலத்திலிருந்தே கேட்டது. வேலையிழப்புக் காப்புறுதி என்று தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் ஒன்று வந்தது 2018-ல், அதுவும் முதலாளிகள் சம்மேளனத்தின் எதிர்ப்பைத் தாண்டி. இடையில் இருபது வருடம். உங்கள் அம்மா அந்த இருபதுக்குள் அகப்பட்டவர்.

நமக்குக் கை கொடுக்க யாருமே வரவில்லையா என்றால், நாமே நமக்குக் கொடுத்துக்கொண்ட ஒரு காலம் உண்டு. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை வெட்டி விற்றுவிட்டுப் போனார்கள், துண்டாடல் என்று அப்பா தலைமுறைக்கு அந்தச் சொல் ஒரு பயம். 1960-ல் எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். என் அம்மா அந்தப் பத்து வெள்ளிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டப் போவார். எந்த அமைச்சரும் அதற்கு 8 வெள்ளி விலை போட்டுக் கொடுக்கவில்லை. அந்தச் சங்கத்தைப் பற்றிப் பிற்காலத்தில் என்ன விமர்சனம் இருந்தாலும், நட்டத்தை யார் தலையில் வைப்பது என்பதை ஒரு தடவையாவது தொழிலாளிகள் தாங்களே முடிவு செய்தார்கள்.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்று. உங்கள் அம்மாவுக்கு வந்த தொகை எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். 27 வருடத்துக்கு 540 நாள். ஒரு நாள் 17 வெள்ளி என்று வைத்தால் 9,180, நீங்கள் சொல்வதும் அந்தப் பக்கம்தான் வருகிறது. ஆனால் அந்த ஒரு நாள் சம்பளம் என்பதை அடிப்படைக் கூலியை வைத்துக் கணக்கிடக் கூடாது, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் உண்மையாகச் சம்பாதித்ததன் சராசரியை எடுக்க வேண்டும், அதில் விலைப்படியும் கூடுதல் பாலுக்கான காசும் சேரும். நான் பார்த்த பல கணக்குகளில் இந்த இடத்தில்தான் கை வைத்திருப்பார்கள். ஒரு கம்பெனியின் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, பேரைச் சொல்ல மாட்டேன், முப்பது பேருக்கு அடிப்படைக் கூலியிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார், சீட்டுகளை மேசையில் அடுக்கிய பிறகுதான் திருத்தினார்கள். உங்கள் அம்மாவின் கணக்கு இருபது வருடத்துக்கு மேல் பழையது, இப்போது வழக்குப் போட்டு வாங்கலாம் என்று ஆசை காட்ட மாட்டேன், கால வரம்பு தாண்டியிருக்கும். இருந்தாலும் பழைய சம்பளச் சீட்டும் வேலைநீக்கக் கடிதமும் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் எழுதுங்கள், எத்தனை வெள்ளி குறைத்துக் கொடுத்தார்கள் என்று நான் போட்டுத் தருகிறேன்.